வேலப்பாடி வீட்டுக்குள் ஒரு சக்கர வாக்கர்

வேலூரில் சர்ஜிக்கல் கடைக்குப் பஞ்சமே கிடையாது. சி.எம்.சி. மருத்துவமனை வாசலில் இறங்கி ரோட்டைத் தாண்டினால் மருந்துக்கடை, லாட்ஜ், ஸ்கேன் சென்டர், நடுநடுவே வீல்சேரும் வாக்கரும் வெளியே தொங்கும் கடைகள். போர்டில் தமிழ் இருக்கிறதோ இல்லையோ, வங்காளம் இருக்கும். கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிற கூட்டம் அப்படி. கடைப் பையன்கள் தமிழ், இந்தி, வங்காளம் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிறார்கள். பொருள் இருக்கிறது, விலையும் பரவாயில்லை. யாருக்கு வாங்குகிறீர்கள், வீடு எப்படி இருக்கும் என்று கேட்கிற ஆள்தான் அபூர்வம். இந்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவுக்குச் சக்கரம் வைத்த வாக்கர் ஒன்று வாங்கினோம். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நான் இருப்பது ஸ்வீடனில். அங்கே பஸ்ஸிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் நாலு சக்கர வாக்கர் கண்ணில் படாமல் ஒரு நாள் போகாது. 1978இல் அதை உருவாக்கிய ஐனா விஃபால்க் அந்த ஊர்க்காரர்தான். அவரே இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்டவர். "அங்கிருந்தே ஒண்ணு தூக்கிட்டு வரவேண்டியதுதானே" என்று சித்தி கேட்டார். அங்கே பிசியோதெரபிஸ்டோ ஆக்குபேஷனல் தெரபிஸ்டோ ஆளைப் பார்த்துத்தான் எழுதிக் கொடுப்பார்கள். அப்படிக் கிடைப்பதும் இரவல்தான், தேவை முடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். காசு கொடுத்தும் வாங்கலாம்தான். ஆனால் அந்த ஊர் நடைபாதைக்கும் அகலக் கதவுக்கும் செய்ததை அம்மா இருக்கும் வேலப்பாடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிரேக் வயர் போனால் யாரிடம் போவது?

அம்மாவுக்கு 76 வயது. இரண்டு முட்டியும் தேய்மானம், சர்க்கரையால் பாதத்தில் மரமரப்பு. போன வருஷம் கொல்லையில் விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் அன்றிலிருந்து நடையில் பயம் வந்துவிட்டது. கைத்தடி உண்டு. அதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு சுவரைப் பிடித்து நடப்பார்.

முதலில் நான் மட்டும் போய் ஒரு கடையில் விசாரித்தேன். பையன் இருப்பதிலேயே பெரியதை விரித்துக் காட்டினான். "அக்கா, இது ஃபாரின் மாடல். சீட் இருக்கு, பை இருக்கு. முட்டி வலிக்கு எல்லாரும் இதான் வாங்குறாங்க." கைப்பிடி உயரம் சரியாக வருமா என்றால், "எல்லாருக்கும் செட் ஆகும்க்கா." பிரேக் வயர் தனியாகக் கிடைக்குமா என்றால், "கம்பெனிக்கு அனுப்பணும்." அம்மா எவ்வளவு உயரம் என்று கடைசி வரை அவன் கேட்கவில்லை. விலை மட்டும் மூன்று தடவை குறைந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு, அகலத்தையும் கைப்பிடி உயரத்தையும் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இத்தனைக்கும் மறுவாழ்வு வைத்தியத்தில் வேலூருக்கு நல்ல பாரம்பரியம் உண்டு. 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். சி.எம்.சி.யின் மறுவாழ்வுத் துறையை முதலில் நடத்தியவரும் அவர்தான். பாகாயத்தில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்துக்கு இன்று அவர் பெயர். அங்கே கூட்டிப்போகத்தான் நினைத்தேன். ஓ.பி. வரிசை என்ற பேச்சை எடுத்ததுமே அம்மா படுத்துக்கொண்டார். அப்புறம் பக்கத்து வீட்டு அத்தை, தனக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணின் நம்பரைக் கொடுத்தார். ஒரு தடவை வர 600 ரூபாய். இந்தப் பயணத்தில் நான் செலவழித்ததில் உருப்படியான காசு அதுதான்.

அந்தப் பெண் வந்ததும் அம்மாவின் முட்டியைப் பார்க்கவில்லை. "முதல்ல வீட்டைப் பாத்துடலாம்மா" என்று இன்ச் டேப்பை எடுத்தாள். ஹால் கதவு தாராளம். பாத்ரூம் கதவின் திறப்பு 23 அங்குலம். கடையில் நான் குறித்து வந்த மாடலின் அகலம் 25. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே ஒன்றரை அங்குல வாசப்படி. தெருவாசலில் ஆறு அங்குலப் படி. இதையெல்லாம் எழுதிக்கொண்டு அதற்குப் பிறகுதான் அம்மா பக்கம் வந்தாள். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி போனில் நேரம் பார்த்தாள். பன்னிரண்டு நொடிக்கு மேல் ஆனால் விழுகிற ஆபத்து இருக்கிறது என்று கணக்காம். அம்மாவுக்குப் பன்னிரண்டைத் தாண்டி நிறையவே ஆனது, முக்கால்வாசி நேரம் திரும்புகிற இடத்திலேயே போனது.

அடுத்து பிடி. தன் இரண்டு விரலை நீட்டி, "எவ்ளோ முடியுமோ அவ்ளோ அழுத்துங்கம்மா" என்றாள். சைக்கிள் பிரேக் போலப் பிடித்து அழுத்தும் பிரேக்குக்கு விரலில் பலம் வேண்டும். அது இல்லாதவர்களுக்கு, உடம்பு பாரம் மேலே இறங்கினால் தானே பிடிக்கிற பிரேக் வைத்த மாடலும் உண்டு. அறுபது வருஷம் அம்மியும் ஆட்டுக்கல்லும் ஓட்டிய கை, அந்தப் பெண்தான் "போதும்மா, போதும்" என்று விரலை இழுத்துக்கொண்டாள்.

எந்த வகை என்பதற்கு அவள் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. முழு பாரத்தையும் கையில் போட்டு நடக்க வேண்டியவர்களுக்கு, உதாரணமாக இடுப்பு ஆபரேஷன் ஆன புதிதில், நாலு சக்கரம் ஆகாது. அழுத்தினால் வண்டி முன்னே ஓடிவிடும். அவர்களுக்குச் சக்கரமே இல்லாத வாக்கர், அல்லது முன்னால் மட்டும் இரண்டு சக்கரமும் பின்னால் ரப்பர் புஷ்ஷும் உள்ளது. சக்கரமில்லாததை ஒவ்வொரு அடிக்கும் தூக்கி வைக்க வேண்டும், தோள் வலிக்கும், வேகமும் வராது. நாலு சக்கர வாக்கர், சொந்தக் காலில் நிற்க முடிந்து, தள்ளாட்டத்துக்குத் துணையும் நடுவே உட்கார இடமும் தேவைப்படுகிறவர்களுக்கு. அம்மா இந்த ரகம்.

உயரத்தில்தான் சிக்கல் வந்தது. வழக்கமாகப் போடும் செருப்போடு நேராக நின்று, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை எங்கே இருக்கிறதோ, கைப்பிடி அங்கே இருக்க வேண்டும். அப்போதுதான் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கும். அம்மாவுக்கு வந்த அளவு 29 அங்குலம். அந்த ஃபாரின் மாடலை அடியோடு தாழ்த்தினாலும் 32. அதைத் தள்ளினால் தோள் காதைத் தொடும். நம் ஊர் வயதான பெண்கள் பலர் ஐந்தடிக்கும் குறைவு, பெரிய மாடல்கள் அவர்களை நினைத்துச் செய்யப்படுவதில்லை. உட்காரும் பலகையும் அப்படித்தான். உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் பதிய வேண்டும்.

இந்த அளவுகளோடு இன்னொரு கடைக்குப் போனோம். கல்லாவில் இருந்த பெரியவர் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, "இப்படி எழுதிட்டு வந்தா எங்களுக்கும் வேலை சுலபம்மா" என்றார். உள்ளே போய் குட்டையான மாடல்கள் இரண்டை எடுத்துவந்தார். முன்பணம் வாங்கிக்கொண்டு, வீட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள் என்று இரண்டையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. கடையில் வழவழவென்ற டைல்ஸில் எல்லா வாக்கரும் நன்றாகத்தான் ஓடும். எங்கள் தெரு பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெரு. ஆறு அங்குலச் சக்கரம் வைத்தது முதல் ஜல்லியிலேயே நின்றது. எட்டு அங்குலச் சக்கரம் தடுமாறினாலும் ஏறிப் போனது. அதையே வைத்துக்கொண்டோம். அலுமினியம், ஏழு கிலோவுக்குள், 6,800 ரூபாய். இரும்பில் செய்தது இரண்டாயிரம் குறைவாகக் கிடைக்கும். ஆனால் அதைத் தினமும் படியில் தூக்கி இறக்கப்போவது தம்பி மனைவி, நான் இல்லை.

பாத்ரூமுக்குள் வாக்கர் வேண்டாம் என்று பிசியோ பெண் கறாராகச் சொல்லிவிட்டாள். ஈர டைல்ஸில் சக்கரம் வழுக்கும். வண்டி கதவோடு நிற்கட்டும், உள்ளே சுவரில் எவர்சில்வர் கைப்பிடி அடித்துவிடுங்கள் என்றாள். பிளம்பர் வந்து, "டவல் ராடு இருக்கே, அதையே பிடிச்சுக்கலாமே" என்றார். டவல் ராடு துண்டைத் தாங்கும், விழப்போகிற ஆளைத் தாங்காது. செங்கல் வரைக்கும் துளைபோட வைத்து, நானே தொங்கிப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன்.

தெருவாசல் படிக்குச் சாய்தளம். ஒரு அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது பொதுக் கணக்கு, ஆறு அங்குலத்துக்கு ஆறடி. மேஸ்திரி மூன்றடியில் முடித்துவிடலாம் என்றார். மூன்றடிச் சாய்வில் இறங்கினால் வண்டி அம்மாவை இழுத்துக்கொண்டு போகும். ஆறடிக்கே போட்டோம். எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டர் நிறுத்த இடம் போனதில் இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

ஓட்டப் பழகியது ஒரு தனிக் கூத்து. அம்மா வண்டியைக் கை நீட்டிய தூரத்துக்குத் தள்ளிவிட்டு, கூன் போட்டுக்கொண்டு பின்னால் போனார். பின் சக்கரம் இரண்டுக்கும் நடுவில் உடம்பு இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. உட்காரும்போது பலகை காலில் படும்வரை பின்னால் வந்து, இரண்டு பிரேக்கையும் கீழே அழுத்திப் பூட்டி, அப்புறம்தான் உட்கார வேண்டும். நாற்காலியிலிருந்து எழும்போது வாக்கரைப் பிடித்து இழுக்காமல் நாற்காலிக் கையை ஊன்ற வேண்டும். பேரன் அவரை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனதைத் தடுத்தேன். அது வீல்சேர் இல்லை, அப்படித் தள்ளினால் கவிழும். அப்புறம் சேலை. எந்த விளக்கப் புத்தகத்திலும் இல்லாத விஷயம் இது. கொசுவத்தின் ஓரம் பின் சக்கரத்தில் ஒரு தடவை சுற்றிக்கொண்டது. அன்றிலிருந்து வீட்டில் நைட்டி, வெளியே போனால் கரண்டைக்கு மேலே தூக்கிச் சொருகிய சேலை.

ஒரு பக்கப் பிரேக் தளர்ந்ததும் கடைக்குப் போன் செய்ய எடுத்தேன். அதற்குள் தம்பி மனைவி கொசப்பேட்டை சைக்கிள் கடைக்கு வண்டியைக் கொண்டுபோய்விட்டாள். வயர் முனையில் இருக்கும் திருகை இரண்டு சுற்று திருப்பி, எண்ணெய் விட்டுக் கொடுத்தார் கடைக்காரர். இருபது ரூபாய். சைக்கிளில் இருக்கிற அதே சமாச்சாரம்தான், வயர் அறுந்தாலும் மாற்றிக் கொடுப்பதாகச் சொன்னார்.

கோட்டைக்கும் போய்வந்தோம். பூங்காப் பக்கம் தரை சமமாக இருக்கும், காலையில் நடக்க வருகிறவர்களோடு அம்மாவும் நடந்தார், நினைத்த இடத்தில் பலகையில் உட்கார்ந்தார். 1981இல் ஜலகண்டேஸ்வரரை மறுபடி கோட்டைக்குள் வைத்தபோது கூட்டத்தில் நின்று பார்த்தவர், உள்ளே போகாமல் திரும்புவாரா? கோயில் வாசலில் பூக்காரம்மா, "ஆயா வண்டிய நான் பாத்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்று கூடைக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். உள்ளே என் தோளும் தம்பி தோளும்.

காசு பிரச்சினை இருப்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருக்கும் மூத்த குடிமக்களுக்கு மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் கைத்தடி, வாக்கர், வீல்சேர் இலவசம். 2017இலிருந்து முகாம் போட்டுக் கொடுக்கிறார்கள். மாநில அரசின் மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு. மாத்திரை கொடுக்க வரும் பெண்ணிடம் வாய் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் கிளம்புவதற்கு முன்னால் மூன்றாவது வீட்டு மாமா வந்து, இதே மாடல் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். அவருக்குப் பார்க்கின்சன். நடக்க ஆரம்பித்தால் சின்னச் சின்ன அடியாக வேகம் கூடிக்கொண்டே போகும், நிறுத்த முடியாது. சாதாரண நாலு சக்கரத்தை அவர் கையில் கொடுத்தால் வண்டி அவரை முந்தும். சக்கரம் உருளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு வைத்தவை உண்டு, கைப்பிடியை அழுத்தினால் மட்டும் பிரேக் விடுபடுகிற மாதிரியும் உண்டு. அவருக்கு எது சரி என்று ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கடைப் பெயரைச் சொல்லாமல் பிசியோ பெண்ணின் நம்பரைக் கொடுத்தேன். மாமாவுக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது. மாமி வாங்கி வைத்துக்கொண்டார்.