பக்கக் குழாய்: உப்புக் காற்றில் எந்த உலோகம்?

ராமநாதபுரம் கடலோரத்தில், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு பனந்தோப்பு. அதற்குள் மூன்று வருடமாக நானும் என் மச்சானும் ஒரு வண்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். அடிச்சட்டம் நாங்களே வெல்டு வைத்தது. உடல், வள்ளங்களுக்கு ஃபைபர் பூசுபவர் பூசிக் கொடுத்தது. என்ஜின், பழைய மாருதி ஜிப்சி ஜீப்பின் 1.3 லிட்டர். தோற்றத்துக்கு 1962-இல் வந்த ஏ.சி. கோப்ரா என்ற பந்தயக் காரை மனதில் வைத்துக்கொண்டோம். கதவுக்குக் கீழே பக்கவாட்டில் புகைக்குழாய் படுத்திருக்காவிட்டால் அந்த வண்டிக்கு முகமே வராது. அதனால் பக்கக் குழாய் வேண்டுமா என்று நாங்கள் சண்டை போடவில்லை. எந்த உலோகம் என்பதில்தான் பல மாதம் போயிற்று.

அடியில் போகும் சாதாரணக் குழாயோடு ஒரு வரியில் ஒப்பிட்டுவிடுகிறேன். எங்கள் வண்டி தாழ்வானது, தோப்பு முழுக்க மணல். அடியில் குழாய் வைத்தால் ஈர மணலை அள்ளி அப்பிக்கொள்ளும், அந்த மணலில் உப்பு. பக்கத்தில் வைத்தால் காற்று படும், கண்ணுக்குத் தெரியும், கையால் துடைக்கலாம்.

எந்தப் பக்கம் என்பதை விதி முடிவு செய்துவிட்டது. புகை இடப்பக்கமாகவோ கீழ்நோக்கியோ வெளியேறக் கூடாது என்கின்றன 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகள். பதிவு இல்லாத வண்டி, தோப்பைத் தாண்டுவதில்லை. என்றாலும் என்றாவது பதிவுக்கு முயன்றால் தடையாக இருக்க வேண்டாமே என்று வலப்பக்கம் மட்டும் வைத்தோம். நாலு சிலிண்டருக்கு ஒரு குழாய் தாராளம். இடப்பக்கம் அழகுக்கு ஒரு பொய்க்குழாய் வைக்கலாம் என்றான் மச்சான். நான் பதில் சொல்லவில்லை.

முதலில் போட்டது எம்.எஸ்., அதாவது சாதாரண இரும்புக் குழாய், 1.6 மில்லிமீட்டர் கனம். ராமநாதபுரத்தில் எந்தப் பட்டறையிலும் வளைத்துத் தருவார்கள், எந்த வெல்டரும் ஒட்டுவார். விலையும் குறைவு. மேலே வெப்பம் தாங்கும் வெள்ளி பெயிண்ட் இரண்டு கோட்டிங். ஒன்றே கால் வருடத்தில் ஓட்டை விழுந்தது. மேல் பெயிண்ட் பெரும்பாலும் அப்படியே இருந்ததுதான் எங்களுக்குப் புரியவில்லை. விசைப்படகு என்ஜின் பார்க்கும் பெரியவர் ஒருவர் வந்து, சைலன்சரின் வயிற்றில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். அது உள்ளே போய்விட்டது. "தம்பி, ஒரு தடவை எடுத்தால் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்?" என்று கேட்டார். தோப்பைச் சுற்றி நாலு வட்டம். ஐந்து நிமிடம்.

கோளாறு அதுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. மதுரை வரை போய் வரும் வண்டியில் குழாய் முழுவதும் சூடேறி அந்த ஈரம் வெளியே போய்விடும். ஐந்து நிமிட வண்டியில் அது சைலன்சருக்குள் குளிர்ந்து, அமிலத்தோடு தேங்கி நிற்கும். வெளியே உப்பு, உள்ளே அமிலத் தண்ணீர். எம்.எஸ். இரண்டையும் தாங்காது. தினமும் நீண்ட தூரம் ஓடும் வண்டி என்றால் நான் இன்றும் எம்.எஸ்.தான் சொல்வேன். மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் போயிற்று.

அலுமினியம் பூசிய எஃகு இதைவிட மேல். ஆனால் வெல்டு வைக்கும் இடத்தில் பூச்சு எரிந்துபோகும், பக்கக் குழாயிலோ வெல்டு அதிகம். பழைய கார்களின் சைலன்சரிலிருந்து வெட்டி எடுக்கும் 409 ரகத் துருப்பிடிக்காத எஃகில் (எஸ்.எஸ்.) குரோமியம் 11 சதவீதம் அளவில்தான் இருக்கிறது. ஓட்டை விழ நாளாகும் என்றாலும் மேல்தோல் ஒரே கச்சான் காற்றுப் பருவத்தில் பழுப்பாகிவிடும். கண்ணுக்கு முன்னால் கிடக்கும் குழாய்க்கு அது பொருந்தாது.

அடுத்தது 304 ரக எஸ்.எஸ். குரோமியம் 18, நிக்கல் 8. இங்கேதான் ஏமாந்தோம். மதுரையில் ஒரு கடையில் காந்தம் வைத்துக் காட்டி, ஒட்டவில்லை பாருங்கள், 304 என்று கொடுத்தார்கள். மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடும் 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருக்கிறார்கள். தோப்பில் சார்த்தி வைத்த குழாயில் இரண்டே மாதத்தில் புள்ளி புள்ளியாகத் துரு. இப்போது மாங்கனீசு காட்டும் சொட்டு மருந்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். நிறம் மாறினால் திரும்பி வந்துவிடுவேன்.

உண்மையான 304 கூடக் கடலோரத்தில் தேநீர்க் கறைபோல நிறம் மங்கும். நல்ல தண்ணீரில் கழுவினால் போகும். ஆனால் நம் ஊரில் நல்ல தண்ணீர் குடம் என்ன விலை என்று தெரியும். போர் தண்ணீரில் கழுவினால் அந்த உப்பையும் சேர்த்துப் பூசியதாகும்.

316-இல் இரண்டு முதல் மூன்று சதவீதம் மாலிப்டினம் உண்டு, உப்பு குத்துவதை அதுதான் தடுக்கிறது. விலை 304-ஐப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. படகுச் சாமான் விற்பவர்கள் முழுவதும் 316 போடுங்கள் என்பார்கள். எனக்கு அது வீண். என்ஜினை ஒட்டிய பகுதி சட்டென்று சூடாகி உலர்ந்துவிடும், அங்கே மாலிப்டினத்துக்கு வேலை குறைவு. ஈரமும் உப்பும் தங்குவது பின்பாதியில். ஆகவே முன்னால் 304, சைலன்சரின் உறையும் வால் குழாயும் 316. கரிமம் குறைந்த எல் ரகமாகவே கேளுங்கள். வெல்டு ஓரத்தில் அரிப்பு தொடங்குவதை அது குறைக்கும்.

சைலன்சருக்குள் கண்ணாடிப் பஞ்சு அடைத்தால் குரல் கம்பீரம். ஆனால் அந்தப் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பதில் தடுப்புத் தகடு வைத்து, மிகத் தாழ்ந்த இடத்தில் மூன்று மில்லிமீட்டர் துளை போட்டோம். குழாய்க்கு வெப்பத்துணி சுற்றுவதும் இதே காரணத்தால் வேண்டாம்.

வெல்டு ஆர்கான் வாயுவில்தான். வெளியே மட்டும் வாயு விட்டால் போதாது, குழாய்க்குள்ளும் விட வேண்டும். இல்லாவிட்டால் உள்பக்கம் சர்க்கரை படிந்ததுபோலப் பொரிந்து, துரு அங்கேயே பிடிக்கும். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கும் வெல்டரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். இன்னொன்று: எஸ்.எஸ். சூட்டில் எம்.எஸ்.ஸைவிட அதிகமாக நீளும். 1.2 மீட்டர் குழாய் 400 டிகிரி ஏறினால் எட்டு மில்லிமீட்டர். முன்னால் இறுக்கிக் கட்டி, பின்னால் ரப்பரில் தொங்கவிட்டோம். இரண்டு பக்கமும் இறுக்கினால் ஃபைபர் உடல் விரிசல் விடும். குழாயை ஒட்டிய இடத்தில் ஃபைபர் உடலின் சாதாரண பாலியெஸ்டர் பிசின் 100 டிகிரிக்குக் கீழேயே இளகும் என்பதால் விரல் நுழையும் இடைவெளியும் விட்டோம்.

கோப்ரா வைத்திருப்பவர்கள் இறங்கும்போது கெண்டைக்காலில் படும் சூட்டைப் பாம்புக்கடி என்பார்கள். நம் ஊரில் ஓட்டுநர் அமர்வது வலப்பக்கம், எங்கள் குழாயும் வலப்பக்கம். ஒவ்வொரு முறையும் ஓட்டுபவன் அதைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். துளையிட்ட எஸ்.எஸ். தகட்டை ஒரு விரல்கடை இடைவெளியில் மேலே பொருத்தச் சொன்னேன். அழகு போய்விடும் என்று மச்சான் மறுத்தான். போன மாதம் கைலியோடு இறங்கினான். மறுநாள் தகட்டுக்கு அவனே அளவெடுத்துக்கொண்டிருந்தான்.