யாழ் நகரில் ஒரு ஜேர்மன் மொழிபெயர்ப்புச் சேவை

சுவிஸ் நாட்டின் சூரிச்சில் பிறந்து வளர்ந்த அக்காவின் மகன், அங்குள்ள கட்டாய இராணுவப் பயிற்சிக்குப் பதிலாகக் குடிசார் சேவையைத் தெரிவுசெய்து முதியோர் இல்லமொன்றில் பணியாற்றப்போவதாகக் கூறி அனுப்பிய ஜேர்மன் விளக்கப் பிரசுரத்தை, "பிள்ளையைப் பிடிக்கப் போகிறார்களோ" என்று கலங்கிய அம்மாவுக்காக யாழ் நகரிலுள்ள மொழிபெயர்ப்பு நிலையமொன்றில் கொடுத்தேன். போருக்கு வீட்டுக்கொரு பிள்ளை கேட்கப்பட்ட காலத்தைக் கண்டவருக்கு அந்தக் கலக்கம் இயல்பானதே.

இரண்டு நாளில் கிடைத்த தமிழ் தெளிவாக இருந்தது. 1996 முதல் நடைமுறையிலுள்ள இச்சேவை சாதாரண படைவீரரின் 245 நாட்களைப் போல ஒன்றரை மடங்கு நீடிக்கும் என்பதும், படையை மறுப்பது மனச்சாட்சியின்படிதானா என்று ஆராயும் விசாரணை 2009 முதல் கைவிடப்பட்டு, அந்த நீண்ட காலத்தை ஏற்பதே அதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது என்பதும் அம்மாவுக்கே விளங்கின. கட்டாயமாக அழைக்கும் அரசு மறுப்பவனுக்கும் ஒரு கதவைத் திறந்து வைப்பது நியாயம். ஒன்றரை மடங்கு என்பதோ எனக்குத் தண்டனையாகவே படுகிறது.

சில இடங்களில் 'குடிசார் சேவை' என வரவேண்டியது, முற்றிலும் வேறானதும் படைக்குத் தகுதியற்றோர் செய்வதுமான 'குடிசார் பாதுகாப்பு' என மாறியிருந்தது. சுட்டிக்காட்டியதும் மேலதிகக் கட்டணமின்றித் திருத்தித் தந்தார்கள். பக்கத்துக்கு 2000 ரூபா சற்று அதிகந்தான். மொழிபெயர்ப்பை உறுதிப்படுத்தும் முத்திரை வேண்டாமென்றால் குறைப்பார்கள் என்பதைப் பணம் கொடுத்த பின்னரே அறிந்தேன்.