ஐபாட், பழைய ஆம்ப், ஒரு கட்டு வயர்: 13 வருட அனுபவம்

2012ல் வாங்கிய 160 ஜிபி ஐபாட் கிளாசிக், அதாவது ஆப்பிளின் கையடக்கப் பாட்டுக் கருவி, எங்கள் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது. ஊர் பல்லடம் பக்கம். ஆசாரத்தில் (கூடத்தில்) அப்பா காலத்து ஸ்டீரியோ ஆம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர், ரெண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர். ஆப்பிள் 2014லேயே அந்த மாடலை நிறுத்திவிட்டது. ஸ்பீக்கரை மாற்றச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. நான் மாற்றியதெல்லாம் வயரைத்தான்.

முதலில் எல்லாரையும் போல ஐபாடின் ஹெட்போன் ஓட்டையில்தான் வயரைச் சொருகினேன். ஒரு முனையில் 3.5 எம்எம் பின், மறுமுனையில் ஆம்புக்குப் பின்னால் சொருகுகிற சிவப்பு வெள்ளை ஆர்சிஏ பின்கள். ஐபாடில் சத்தத்தைக் குறைத்து ஆம்பில் ஏற்றினால், பாட்டுக்குப் பின்னால் தூறல் மாதிரி 'ஸ்ஸ்' கேட்கும். ஐபாடை முக்காலுக்கு மேல் வைத்து, மீதியை ஆம்பில் திருகினால் அடங்கிவிடும். பிறகு அடியிலுள்ள 30 பின் வாயில் மாட்டுகிற லைன் அவுட் கேபிள் கிடைத்தது. அதில் ஐபாட் வால்யூம் வேலை செய்யாது, ஏற்றுவதும் இறக்குவதும் ஆம்பில்தான். எனக்கு அதுவே பிடித்தது. ஆம்புக்குப் பின்னால் 'போனோ' என்று எழுதிய வாயில் மட்டும் சொருகிவிடாதீர்கள். அது இசைத்தட்டுக்கானது, பேஸ் (அடிச்சத்தம்) ஊதிப்போய்க் கரகரக்கும்.

படுத்தியெடுத்தது உறுமல்தான். கம்ப்யூட்டரில் சார்ஜ் ஏறிக்கொண்டே பாடினால் 'ம்ம்ம்' என்று ஒரே சத்தம். "என்ன கண்ணு, பொட்டிக்குள்ள வண்டு பூந்துருச்சா?" என்றார் அம்மா. மோட்டார் ஓடுவதால் என்று நினைத்து மோட்டாரை நிறுத்தினேன், போகவில்லை. யூஎஸ்பி வயரைப் பிடுங்கியதும் நின்றது. கம்ப்யூட்டருக்கு ஒரு எர்த், ஆம்புக்கு இன்னொரு எர்த். நடுவில் ஆடியோ வயர் ரெண்டையும் இணைத்து வளையமாக்கிவிட்டது. ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியதும் முக்கால்வாசி போனது. மிச்சத்துக்கு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா. உள்ளே டிரான்ஸ்பார்மர்தான். மட்டமானது அடிச்சத்தத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். எர்த் பின்னை வெட்டிவிடச் சொன்னார் ஒருத்தர். அந்த வேலையே வேண்டாமுங்க, ஷாக் அடிக்கும்.

வாசலுக்கு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரும் இருக்கிறது. ஐபாட் கிளாசிக்கில் ப்ளூடூத் கிடையாது, தனியாக டிரான்ஸ்மிட்டர் மாட்ட வேண்டும். அதற்கும் சார்ஜ் போட வேண்டும். சலித்துப்போய், ரெண்டு முனையிலும் 3.5 எம்எம் பின் உள்ள ஆக்ஸ் வயருக்கே திரும்பிவிட்டேன். இப்போது வருகிற பல ஸ்பீக்கர்களில் ஆக்ஸ் ஓட்டையே இல்லை, பார்த்து வாங்குங்கள். கயித்துக் கட்டில் மேல் வைத்தால் சப்பென்று இருக்கும். திண்ணை மூலையில் சுவரோரம் வைத்தால் அதே ஸ்பீக்கர் கெட்டியாகப் பேசும்.

கடைசியாக ஒரு கூத்து. காந்திபுரத்துக் கடை ஒன்றில் வாங்கிய ஆக்ஸ் கேபிளில் வயலின் வந்தது, தபேலா வந்தது, பாடகரை மட்டும் காணோம். "பாடறவரு எங்க சாமி போனாரு?" என்றார் அம்மா. பின்னின் கழுத்தில், இடது வலது ரெண்டுக்கும் பொதுவான கிரவுண்ட் கம்பி அறுந்திருந்தது. அது அறுந்தால் இடது வலதுக்கு உள்ள வித்தியாசம் மட்டுந்தான் கேட்கும். ரெண்டு பக்கமும் ஒரே அளவில் வருகிற குரல் கழிந்துபோகும். பற்றவைக்கலாம் என்று எடுத்தால் மகன் விடவில்லை. அதை மாட்டிவிட்டு, காணாமல்போனவர் இடத்தில் அவன் பாடுகிறான்.