லிங்க்ட்இன் இலவசக் கணக்கு: ஃப்ரெஷருக்கு எது உருப்படி, எது வெட்டிவேலை

ஆஃப் கேம்பஸில், அதாவது காலேஜ் பிளேஸ்மென்ட்டுக்கு வெளியே, வேலை தேடுகிறவர்கள் லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்புத் தளத்தைத் திறந்ததும் நேராகப் போய் நிற்பது ஜாப்ஸ் பக்கத்தில். லிங்க்ட்இனுக்குள்ளேயே சட்டென்று விண்ணப்பிக்கும் ஈஸி அப்ளை பொத்தானை ஐம்பது தடவை தட்டிவிட்டு, இன்றைய கோட்டா முடிந்தது என்று மூடிவிடுவார்கள். சரக்கு இருப்பது வேறு இடத்தில்: சொந்தக் காலேஜின் பக்கத்துக்குள், அலுமினி (முன்னாள் மாணவர்கள்) என்ற டேபில். காசு கேட்காத வசதி அது. பலர் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தேடல் பெட்டியில் காலேஜ் பெயரை அடித்து அதன் பக்கத்துக்குப் போய் அலுமினியைத் தட்டினால், பட்டை பட்டையாக ஒரு கணக்கு விரியும். எத்தனை பேர் எந்த ஊரில், எந்தக் கம்பெனியில், என்ன வேலையில் இருக்கிறார்கள், என்ன படித்தார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு பட்டையைத் தட்டினால் மற்றவை அதற்கேற்பச் சுருங்கும். மொபைலைவிடக் கணினியில் பார்ப்பது வசதி. மேலே ஆண்டு போடும் கட்டங்களில், உங்களுக்கு ஒன்று முதல் நான்கு வருஷம் முன்னால் முடித்தவர்களைக் குறிவையுங்கள்.

வைஸ் பிரசிடென்ட் ஆகிவிட்ட சீனியர் காலேஜ் பெருமைக்கு ஆவார். உங்களுக்கு ஆக மாட்டார். இரண்டு வருஷம் முன்னால் அதே டெஸ்டை எழுதி உள்ளே போனவருக்குத்தான், எந்த ரவுண்டில் ஆள் கழிகிறார்கள் என்பது நினைவிருக்கும். கம்பெனியின் உள் போர்ட்டலில் உங்களை ரெஃபர் செய்ய, அதாவது பரிந்துரைக்க, அவருக்கும் பெரும்பாலும் வழி உண்டு. ரெஃபர் செய்த ஆள் சேர்ந்தால் பல கம்பெனிகள் போனஸும் தருகின்றன. எனவே கூச்சப்பட ஒன்றுமில்லை.

இந்தப் பட்டியலில் ஓட்டைகளும் உண்டு. இணைப்புக் கல்லூரியில் படித்த பலர் தங்கள் காலேஜ் பெயரை விட்டுவிட்டு அண்ணா பல்கலைக்கழகம் என்று போட்டிருப்பார்கள். 2012இல் மறுபடி ஒன்றாகும் வரை அந்தப் பல்கலைக்கழகமே சென்னை, கோவை, திருச்சி, நெல்லை, மதுரை என்று பிரிந்துகிடந்ததால், பழைய ஆட்கள் அந்தப் பெயர்களிலும் சிதறியிருப்பார்கள். இரண்டு மூன்று பக்கங்களில் தேடுங்கள். உங்கள் கணக்கையும் ஒருமுறை சரிபாருங்கள்: படிப்புப் பகுதியில் காலேஜின் லோகோவுக்குப் பதில் சாம்பல் நிறக் கட்டிடப் படம் தெரிந்தால், பெயரைக் கீழே விரியும் பட்டியலிலிருந்து எடுக்காமல் கையால் அடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். காலேஜின் அலுமினி கணக்கில் நீங்கள் இல்லை.

அடுத்தது இன்வைட், அதாவது அந்த சீனியரைத் தொடர்பில் சேர அழைப்பது. கனெக்ட் பொத்தானை மொபைலில் தட்டினால் குறிப்பு எழுத இடம் தராமலே இன்வைட் பல நேரம் போய்விடும். மூன்று புள்ளியைத் தட்டி, குறிப்புடன் அனுப்பும் வழியைப் பிடிக்க வேண்டும். இலவசக் கணக்கில் அந்தக் குறிப்பு 200 எழுத்துக்குள் அடங்க வேண்டும், அதுவும் மாதத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான். தமிழில் எழுதினால் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்தாக எண்ணப்பட்டு இடம் சீக்கிரம் தீரும். இது அடங்கும்:

“வணக்கம் அண்ணா. நம்ம காலேஜ் 2025 இசிஇ. நீங்க டெஸ்டிங் டீம்ல இருக்கீங்கன்னு பார்த்தேன். ஃப்ரெஷருக்கு முதல் ரவுண்டு ஆப்டிட்யூடா, கோடிங்கா? ரெண்டு வரி போதும் அண்ணா.”

இதில் ரெஃபரல் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். பஸ்ஸில் ஏறிக்கொண்டே பதில் போடக்கூடிய ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. பதில் வந்த பிறகு, கம்பெனி தளத்தில் உள்ள வேலையின் ஜாப் ஐடியையும் ரெஸ்யூமையும் சேர்த்து அனுப்பி ரெஃபர் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஜாப் ஐடி இல்லாமல் “ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க” என்று கேட்டால், உதவ நினைப்பவருக்கும் எதைத் தேடுவது என்று தெரியாது. குறிப்புகள் தீர்ந்துவிட்டால் வெறும் இன்வைட் அனுப்புங்கள். ஏற்றுக்கொண்டவருக்கு மெசேஜ் இலவசம். ஒரே ராத்திரியில் நூறு பேருக்கு அனுப்பாதீர்கள். யாரென்று தெரியாது என்று சிலர் குறித்துவிட்டால் கணக்கைக் கட்டுப்படுத்திவிடுவார்கள். அனுப்பியதைத் திரும்பப் பெற்றால் அதே ஆளுக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்ப முடியாது.

ஜாப்ஸ் பக்கம் அடியோடு வீண் என்று சொல்ல வரவில்லை. என்ட்ரி லெவல் வடிகட்டியை நம்பாதீர்கள், உள்ளே மூன்று வருஷ அனுபவம் கேட்டிருப்பார்கள். நேர வடிகட்டிதான் முக்கியம். கணினியில் கடைசி 24 மணி நேரம் என்று தேர்ந்தெடுத்தால் மேலே முகவரியில் 86400 என்ற எண் வரும். ஒரு நாளின் விநாடிக் கணக்கு அது. அதை 3600 ஆக்கி என்டர் தட்டினால் கடைசி ஒரு மணி நேரத்தில் வந்தவை மட்டும் நிற்கும். கம்பெனியின் சொந்தத் தளத்துக்கு அனுப்பும் விளம்பரங்களில் நூறு பேருக்கு மேல் என்று காட்டும் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பொத்தானைத் தட்டியவர்களின் கணக்கு அது. அங்கே போய்ப் படிவத்தை முடித்தவர்கள் குறைவு. ஈஸி அப்ளையில் எப்போதும் நடக்கும் கோளாறு ஒன்று: போன தடவை ஏற்றிய ரெஸ்யூமே தானாகத் தேர்வாகியிருக்கும். டெஸ்டிங் வேலைக்கு டேட்டா அனலிஸ்ட் ரெஸ்யூம் போய்விடும். லிங்க்ட்இன் பக்கத்தையே பிடிஎஃப் ஆக இறக்கி அனுப்பவும் வேண்டாம். இரண்டு பத்தியாக வரும் அந்த அமைப்பைச் சில கம்பெனிகளின் மென்பொருள் குழப்பிப் படிக்கும்.

பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனுக்கு 220 எழுத்து இடம் உண்டு. “வாய்ப்பைத் தேடும் இளம் பொறியாளர்” என்று எந்த ஹெச்ஆரும் தேடுவதில்லை. அவர்கள் அடிப்பது ஜாவா, எஸ்க்யூஎல், எம்பெடட் சி போன்ற சொற்களை. அவை முதலில் வரட்டும். வேலை தேடுகிறேன் என்று படத்தைச் சுற்றிக் காட்டும் ஓப்பன் டு வொர்க்கின் பச்சை வளையத்தை வைத்துக்கொள்ள ஃப்ரெஷர் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் ஊர் கேட்கும் இடத்தில் சென்னை, பெங்களூரு சேர்க்காமல் தென்காசி மட்டும் போட்டால் தேடலில் விழ மாட்டீர்கள். இனிஷியல் இன்னொரு தலைவலி. ஆதார், டிகிரி, ரெஸ்யூம், லிங்க்ட்இன் நான்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். பின்னால் கம்பெனி உங்கள் விவரங்களைச் சரிபார்க்கும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் அலைச்சல் மிச்சம்.

ஃபீட் பக்கம் நேரக்கொல்லி. சான்றிதழ் போட்டவருக்கு வாழ்த்து, வாழ்த்தியவருக்கு வாழ்த்து என்று மொய் எழுதும் இடம் அது. “இன்ட்ரஸ்டட் என்று கமெண்ட் போடுங்கள்” என்னும் பதிவு, போட்டவரின் ரீச்சுக்காகத்தான். அங்கிருந்து வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ இழுத்து, ட்ரெய்னிங் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பேக்டோர் (காசு கொடுத்து குறுக்கு வழியில் வேலை) என்று பேச்சு வந்தால் பிளாக் செய்துவிட்டு நகருங்கள்.

காசு கட்டும் பிரீமியம் கணக்கு தேவையா? ஃப்ரெஷருக்குத் தேவையில்லை. தொடர்பில் இல்லாதவருக்கும் மெசேஜ் போடும் இன்மெயில் மாதம் ஐந்து தருவார்கள். 90 நாளுக்குள் பதில் வந்தால் அந்த கிரெடிட் திரும்பும், வராவிட்டால் போனது போனதுதான். ஒரு மாத இலவச சோதனை கிடைத்தால் கோர்ஸ்களுக்காக எடுக்கலாம். எடுத்த கையோடு முடியும் தேதியை போனில் குறித்து, அதற்கு முன்பே ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் ஆட்டோபேயில் பணம் போய்விடும்.

மெக்கானிக்கல், சிவில், டிப்ளமோக்காரர்களுக்கு இந்தத் தளத்தின் பயன் பாதியாகக் குறையும். ஓசூர், கோவைப் பக்கத்துச் சிறு தொழிற்சாலைகளில் பல இங்கே வருவதே இல்லை. அவர்கள் ஆள் எடுப்பது வாட்ஸ்அப் குழுவிலும், கன்சல்டன்சி வழியாகவும், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் வெள்ளிக்கிழமைகளில் நடத்தும் முகாமிலும்தான். தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிவு இலவசம். அதை முதலில் முடித்துவிட்டு லிங்க்ட்இனுக்கு வாருங்கள்.