38,500 ரூபாய் போச்சு: கடல்மீன் தொட்டிக்குக் கவரில் கட்டித் தருகிற உப்பை வாங்காதீர்கள்

நேற்று மதியத்தோடு அந்தக் கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன். 38,500 ரூபாய். என் மனைவி சீட்டு எடுத்த காசு. கடைப் பெயர் போடவில்லை. நாகர்கோவில் டவுனுக்குள் கடல்மீன் தொட்டி செட்டப் செய்து கொடுக்கிற கடை, இன்ஸ்டாவில் தினமும் ரீல்ஸ் போடுகிற கடை. இவ்வளவு போதும்.

எனக்கு வீடு தக்கலை பக்கம். நன்னீர் மீன் எட்டு வருஷமாக வளர்க்கிறேன். ரீஃப் தொட்டி, அதாவது பவளப்பாறை மாதிரி கல் அடுக்கிக் கடல்மீன் வளர்க்கிற தொட்டி, இதுதான் முதல் தடவை. மூன்றடித் தொட்டி, 180 லிட்டர் பிடிக்கும். தொட்டி, லைட், பம்ப் எல்லாம் வேறு இடத்தில் வாங்கி வைத்திருந்தேன். தண்ணீருக்கு ஆர்ஓ ஃபில்டரோடு, மிச்சமிருக்கிற உப்பையும் எடுக்கிற டிஐ கார்ட்ரிட்ஜும் மாட்டி, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கிற டிடிஎஸ் மீட்டரில் 0 வந்த பிறகுதான் பிடித்தேன். அந்தத் தண்ணீரைக் கடல் தண்ணீராக்குகிற உப்பு, மணல், காய்ந்த கல், மீன் கழிவை மாற்றுகிற பாக்டீரியா இதெல்லாம்தான் பாக்கி. அதற்குத்தான் அந்தக் கடைக்குப் போனேன்.

உப்பு விஷயத்தில் எனக்கு முதலிலேயே சந்தேகம் இருந்தது. சீல் போட்ட வாளி இல்லை, பத்துக் கிலோ வெள்ளைக் கவரில் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தார். கேட்டேன். உடனே உள்ளே போய் ஒரு வெளிநாட்டு உப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்து, கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினார். மாவு மாதிரி, வெள்ளை வெளேர் என்று இருந்தது. "இதைத்தான் பிரிச்சுக் கட்டித் தாரோம் அண்ணாச்சி. முழு வாளி வாங்கினா ஒங்களுக்குத்தான் பணம் முடங்கும். பேடிக்காதீங்க, நான் இருக்கேன்லா" என்றார். டீயும் வரவழைத்துக் கொடுத்தார். அந்த ஒரு பிடி உப்பைப் பார்த்துத்தான் நம்பினேன். உப்பு 5,200, மணல் 20 கிலோ 4,800, காய்ந்த கல் 11,000, பாக்டீரியா இரண்டு பாட்டில் 3,000, செட்டப் சார்ஜ் 8,000, மீன் ஐந்துக்கு முன்பணமாக 6,500. மொத்தம் 38,500. அங்கேயே ஜிபே செய்தேன். பில் கேட்டதற்கு "வாட்ஸ்அப்ல போட்டு விடுதேன்" என்றார். இன்றுவரை வரவில்லை.

சனிக்கிழமை அவருடைய பையன்கள் இரண்டு பேர் வந்து செட்டப் செய்தார்கள். கவரைப் பிரித்ததும் பார்த்தேன், உப்பு லேசாக ஈரமாக, பரல் பரலாக இருந்தது. வழியில் ஈரம் பிடித்திருக்கும் என்றார்கள். தண்ணீரின் அடர்த்தியைக் காட்டுகிற ஹைட்ரோமீட்டரை மிதக்க விட்டு, கடல் தண்ணீர் அளவான 1.025 காட்டினார்கள். சரி என்று விட்டுவிட்டேன்.

புதுத் தொட்டி சைக்கிள் ஆவது என்றால் என்ன? மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இரண்டு கூட்டமும் கல்லிலும் மணலிலும் நிலைக்கப் பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பாட்டில் பாக்டீரியா ஊற்றினால் சீக்கிரம் ஆகலாம், ஆனால் அதற்கும் அம்மோனியா என்ற தீனி வேண்டும். அதற்காக ஒரு இறால் துண்டு போடட்டுமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பழைய முறை, ஏழு நாள் போதும்" என்று தடுத்துவிட்டார். ஏழாம் நாள் வந்து டெஸ்ட் ஸ்ட்ரிப்பைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 0. "பாத்தீங்களா, சைக்கிள் முடிஞ்சு போச்சு" என்றார். இங்கேதான் நான் விழித்திருக்க வேண்டும். சைக்கிள் முடிந்த தொட்டியில் நைட்ரேட் இருக்கும். மூன்றுமே 0 என்றால் சைக்கிள் ஆரம்பிக்கவே இல்லை என்று அர்த்தம்! எட்டு வருஷம் மீன் வளர்த்தவனுக்கு இது தெரியும். ஆனால் அவர் சொன்ன தோரணையில் அந்த நேரம் எனக்கு அது உறைக்கவில்லை.

அன்றைக்கே மீன் விட்டார்கள். க்ளவுன் இரண்டு, நீல டாம்செல் மூன்று. செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு டாம்செல் கல்லுக்கு அடியில் சாய்ந்து கிடந்தது. மற்றவை தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. என் மகள் பள்ளிக்கூடம் போகாமல் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். வியாழன் ராத்திரி கடைசி க்ளவுனும் போய்விட்டது.

முதல் போன் செவ்வாய் காலை. "தண்ணி கொஞ்சம் மாத்துங்க அண்ணாச்சி." மதியம் போன் செய்தால், "ஒங்க வீட்டுத் தண்ணி சரியில்லை." டிடிஎஸ் 0 காட்டுகிற போட்டோ அனுப்பினேன். பார்த்தார், பதில் இல்லை. புதன்கிழமை, "மீனுக்கு கேரண்டி கிடையாதுன்னு போர்டுலயே போட்டிருக்கோம்லா." அண்ணாச்சி என்ற சொல்லும் அத்தோடு நின்றுவிட்டது.

சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒன்றை நண்பரிடம் வாங்கி வந்து நானே பார்த்தேன். 0 இருக்க வேண்டிய அம்மோனியா 1 பிபிஎம், அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். அதைவிட என்னை உலுக்கியது கேஹெச், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற கார்பனேட் அளவு. அந்த கிட்டில் ஒரு சொட்டு என்றால் ஒரு டிகிரி. நீலமாக இருக்கிற தண்ணீர் எத்தனையாவது சொட்டில் மஞ்சளாகிறதோ அதுதான் கணக்கு. ரீஃப் தொட்டிக்கு எட்டு ஒன்பது வேண்டும். இங்கே இரண்டாவது சொட்டிலேயே மஞ்சள். கால்சியத்துக்கு ஒரு சொட்டு 20 பிபிஎம். 400க்கு மேல் இருக்க வேண்டியது, நாலு சொட்டில் முடிந்துவிட்டது. 80!

இதைச் சொன்னதும் அவர் விவரமாக ஒரு பதில் வைத்திருந்தார். பாக்டீரியா வேலை செய்யும்போது கேஹெச் குறையும் என்றார். அது உண்மைதான், அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும்போது கேஹெச் செலவாகும். ஆனால் அம்மோனியாவே தீராத தொட்டியில் எந்த பாக்டீரியா எதைச் செலவழித்தது? சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று மீதி உப்பிலிருந்து புதிதாக ஒரு லிட்டர் கலக்கி டெஸ்ட் செய்தேன். அதே இரண்டு சொட்டு. கால்சியம் அதே நாலு சொட்டு. அப்புறம் பைக்கை எடுத்துக்கொண்டு முட்டம் போய், பாறைப் பக்கம் ஒரு பாட்டில் கடல் தண்ணீர் பிடித்து வந்தேன். அதே கிட், அதே கை. கேஹெச் 7 சொட்டு, கால்சியம் 21 சொட்டு. மூன்று குழாயையும் வரிசையாக வைத்து போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன்.

எனக்கு விற்றது கல் உப்பு. இதில் எனக்கு இப்போது துளி சந்தேகமும் இல்லை. நம் மாவட்டத்தில் சுவாமித்தோப்புப் பக்கம் உப்பளம் பார்த்தவர்களுக்கு விளங்கும். பாத்தியில் தண்ணீர் காயும்போது சுண்ணாம்புச் சத்து முதலில் படிந்துவிடும், அப்புறம்தான் உப்பு விளையும், மக்னீசியம் மிஞ்சுகிற கசப்பு நீரோடு போய்விடும். சமையலுக்கு அது அருமையான உப்பு. ஆனால் அதைத் தண்ணீரில் கரைத்தால் திரும்பக் கடல் தண்ணீர் ஆகாது. ஹைட்ரோமீட்டர் அடர்த்தியை மட்டும்தான் காட்டும், எந்த உப்பைத் தேவையான அளவு கரைத்தாலும் 1.025 காட்டும். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் எனக்கு ஹைட்ரோமீட்டரைக் காட்டினார்கள்.

மணலும் அப்படித்தான். அரகோனைட், அதாவது சுண்ணாம்பு மணல் என்று சொன்னார்கள். அரகோனைட் என்றால் வினிகர் விட்டதும் நுரைக்க வேண்டும். ஒரு கரண்டி மணலில் விட்டேன். அங்கங்கே ஒரு சிப்பித் துண்டு நுரைத்ததைத் தவிர மற்றது அப்படியே கிடந்தது. கண்ணாடி துடைக்கிற காந்தத்தை எடுத்துப் பார்த்தால் கறுப்புப் பரல்கள் ஒட்டியிருக்கின்றன. நடுநடுவே சிவப்பும் உண்டு. மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரையில் நடந்தவர்களுக்கு இந்த மண் தெரியும், இல்மனைட் என்ற கறுப்புக் கனிமமும் கார்னெட் என்ற சிவப்புக் கனிமமும் கலந்த மண். எங்கே அள்ளினார்களோ. அந்தப் பரல்களோடு துடைத்ததில் முன் கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல் விழுந்துவிட்டது, இனி அது போகாது.

போட்டோ போன பிறகு கடைசியாக ஒரு தடவை போனை எடுத்தார். எதற்குத் தெரியுமா? "ஒரு 12,000 போடுங்க, கடல்ல எடுத்த லைவ் ராக் தாரேன், ரெண்டு பீஸ் பவளமும் இருக்கும். எல்லாம் சரியாயிரும். வெளிய மட்டும் சொல்லாதீங்க." லைவ் ராக் என்றால் உயிர்கள் ஒட்டியிருக்கிற கடல் கல். கல் பவளம் எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எடுப்பதும் குற்றம், விற்பதும் குற்றம், வாங்கி வைப்பதும் குற்றம். 38,500 ரூபாய் தொலைத்தவனை ஜெயிலுக்கும் அனுப்பப் பார்க்கிறாரே என்று எனக்குக் கை நடுங்கியது. திட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் பிளாக்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனசு ஓடவில்லை. சீல் உடையாத உப்பு மட்டும் வாங்குங்கள். தொட்டியில் கொட்டும் முன் ஒரு லிட்டர் கலக்கி கேஹெச், கால்சியம் பாருங்கள். டெஸ்ட் கிட் உங்களுடையதாக இருக்கட்டும், கடைக்காரர் ஸ்ட்ரிப்பை நம்பாதீர்கள். நைட்ரேட் காட்டாமல் மீன் விடாதீர்கள். பில் கைக்கு வராமல் ஜிபே செய்யாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும், ஸ்டிக்கரோடு மூன்றரைக் கிலோ உப்பு மிச்சமிருக்கிற அந்தக் கவரும்தான். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் யாராவது இதே மாதிரி வெள்ளைக் கவர் உப்பு வாங்கியிருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு லிட்டர் கலக்கி கேஹெச் எத்தனை சொட்டு வருகிறது என்று பார்த்து எனக்குச் சொல்லுங்கள். இரண்டு பேர் சேர்ந்தாலும் போதும், புகாரோடு அதையும் இணைத்துக் கொடுத்துவிடுவேன்.