லாசனா, கிரேட் பேசினா? ஆடி அமாவாசையில் எடுத்த முடிவு

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்த முதல் வாரக்கடைசியிலேயே கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். வண்டி நிறுத்த இடம் தேடியே ஒன்றரை மணி நேரம் போனது. அருவிக்குக் கீழே படம் எடுக்க வரிசை. "ஜனத்தைப் பாக்கவா இவ்வளவு தூரம் ஃப்ளைட் ஏறி வந்தோம்? ஆளே இல்லாத எடம் இந்த ஊர்ல கெடையாதாடா?" என்றார் அப்பா. ஆண்டுக்கு 40 லட்சம் பேர் வரும் இடத்தில் நின்றுகொண்டு கேட்ட நியாயமான கேள்வி.

அன்று ராத்திரியே உட்கார்ந்து தேடியதில் மூன்று தேசியப் பூங்காக்கள் மிஞ்சின: வட கலிபோர்னியாவின் லாசன், நெவாடாவின் கிழக்கு ஓரத்திலுள்ள கிரேட் பேசின், யூட்டாவின் கேப்பிடல் ரீஃப். போனது கிரேட் பேசினுக்கு. அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேப்பிடல் ரீஃபை சீக்கிரம் முடித்துவிடலாம். பல வருஷத்துக்கு முன்பு யூட்டா சுற்றியபோது அரை நாள் அங்கே நின்றதோடு சரி, எனக்கு அதற்கு மேல் அனுபவம் இல்லை. செம்பாறைச் சுவருக்கு நடுவே ஃப்ரூட்டா என்கிற, மோர்மோன் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பழைய குடியிருப்பு; அவர்கள் வைத்த பழத்தோட்டத்தைப் பூங்கா நிர்வாகம் இன்னும் பராமரிக்கிறது. பருவத்தில் போனால் தோட்டத்துக்குள் நின்று பறித்துச் சாப்பிடக் காசில்லை, வீட்டுக்கு எடுத்துப் போவதற்குத்தான் காசு. அழகான இடம்தான். ஆனால் இப்போது ஆண்டுக்கு 12 லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வருகிறார்கள். அப்பா கேட்டது இது இல்லை.

மிச்சம் இரண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் லாசன்தான் ஜெயிக்க வேண்டும். நாங்கள் இருக்கும், சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். 1914 முதல் 1917 வரை வெடித்துக்கொண்டிருந்த எரிமலை. 1915 மே 22-ல் பெரிய வெடிப்பு, அடுத்த ஆண்டே தேசியப் பூங்கா. உள்ளே சுமார் 30 மைல் சாலை, அதன் உச்சி 8,500 அடி. தெற்கு வாசல் வழியாக நுழைந்த கொஞ்ச நேரத்தில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வண்டியை ஓரம் கட்டினால் சாலையை ஒட்டியே சேறு கொதிக்கிறது, அடுப்பில் கூழ் கொதிக்கிற மாதிரி தொப், தொப் என்று. இன்னும் மேலே, இதே மாதிரி கொதிக்கும் பம்பஸ் ஹெல். பம்பஸ் என்பவர் அங்கே மண் ஓட்டின் மேல் கால் வைக்க, அது உடைந்து, வெந்து, கடைசியில் காலையே இழந்தார். பலகைப் பாதையை விட்டு இறங்காதே என்று பிள்ளைகளிடம் இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. 2021-ன் டிக்ஸி என்ற காட்டுத் தீயில் பூங்காவின் பாதிக்கு மேல் எரிந்தது. கருகிய மரங்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. பனி அதிகம் பெய்த ஆண்டில் சாலை முழுக்கத் திறக்க ஜூலைகூட ஆகும்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். பகலுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. எனக்குக் கணக்கு மாறியது ராத்திரியில்.

ஆளில்லாத இடத்தில் பகலில் கிடைப்பது அமைதி. அதை வாங்க வேறு இடங்களும் உண்டு. ராத்திரியில் கிடைப்பது இருட்டு. அதைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. கிரேட் பேசினைச் சுற்றிப் பெரிய நகரம் என்றால் சால்ட் லேக் சிட்டி, லாஸ் வேகஸ். இரண்டுமே சாலை வழியாக 200 மைலுக்கு அப்பால். நிலம் உயரம், காற்று உலர்ந்தது. 2016-ல் சர்வதேச இருள் வானப் பூங்கா என்று அங்கீகாரம் கொடுத்தார்கள். ஆண்டுக்கு வருவதே ஒன்றரை லட்சம் பேர்தான். யோசெமிட்டி கோடையில் சில நாளில் பார்த்துவிடும் கூட்டம்.

ஆனால் எந்தப் பூங்காவானாலும் நிலா இருந்தால் எல்லாம் வீண். லாசனுக்கு முதல் முறை போனபோது இது தெரியாமல் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு முகாம் இடம் பிடித்திருந்தேன். கூடாரத்துக்கு வெளியே பேப்பர் படிக்கலாம் போல வெளிச்சம். இரண்டாவது முறை ஆகஸ்ட் கடைசி, எங்கோ எரிந்த காட்டுத் தீயின் புகை வானத்தை மூடியிருந்தது. ஆகவே நிலா இல்லாத, புகை இல்லாத லாசன் இரவை நான் பார்த்ததே இல்லை. பார்த்தவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், வாங்கிக்கொள்கிறேன். கிரேட் பேசினுக்கும் புகை வரும். எங்களுக்கு வராமல் போனது அதிர்ஷ்டம்.

இந்த முறை தேதி குறித்தது அம்மா. ஊரிலிருந்து கொண்டுவந்து எங்கள் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் புரட்டி, "ஆடி அமாவாசை வியாழக்கிழமை வருது, நெறஞ்ச நாள்தான், கெளம்புங்க" என்றார். அமாவாசை ராத்திரி அங்கே இருக்க வேண்டுமே என்று செவ்வாய் இரவே கிளம்பினோம். அமாவாசை அன்று காலை, பூங்காவை ஒட்டிய பேக்கர் என்ற சிற்றூரின் மோட்டல் வாசலில் பக்கெட் தண்ணீரில் அப்பா தர்ப்பணம் செய்தது தனிக் கதை.

தூரத்தை மறைக்கப் போவதில்லை. எங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தட்ட 600 மைல். ரீனோ தாண்டி நெடுஞ்சாலை 50-ஐப் பிடித்தால் ஃபாலன், ஆஸ்டின், யுரேகா, ஈலி. ஊர் என்று சொல்ல இவ்வளவுதான். ஃபாலனுக்கும் ஆஸ்டினுக்கும் நடுவே மட்டும் 110 மைல். ஒரு மலைத்தொடர் ஏறி இறங்கினால் பாய் விரித்த மாதிரி ஒரு சமவெளி, மறுபடி ஒரு மலை. இந்த வட்டாரத்தில் விழும் மழை எந்தக் கடலுக்கும் போவதில்லை, அங்கேயே ஆவியாகிறது. பேசின் என்ற பெயரே அதனால்தான். அரை டாங்குக்குக் கீழே முள் இறங்கினால் பார்த்த இடத்தில் பெட்ரோல் போட்டுவிடுங்கள். ஈலியில் ஒரு ராத்திரி தங்கினோம். அந்த ஊரே 6,400 அடி உயரம், எழுபதைத் தாண்டிய அப்பாவின் மூச்சு பழக அது உதவியது. சாப்பாட்டுக்கு எலக்ட்ரிக் குக்கரும் புளிக்காய்ச்சலும். அதற்கப்பால் எதையும் நம்பிப் போகாதீர்கள்.

பகலில் பார்க்க இரண்டு விஷயம். ஒன்று, லேமன் குகை. பெயர்தான் குகைகள் என்று பன்மையில், உண்மையில் ஒன்றே. வருஷம் முழுக்க 10 டிகிரி செல்சியஸ், அம்மாவின் சால்வை ஆளாளுக்குக் கை மாறியது. இதன் விசேஷம் கேடயங்கள்: இரண்டு வட்டத் தட்டுகளை ஒட்டினாற்போல் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், நடுவிலுள்ள மெல்லிய விரிசல் வழியாக நீர் கசிந்து கசிந்து வளர்ந்தவை. பூங்காக் காவலரான ரேஞ்சரோடுதான் உள்ளே போக முடியும், டிக்கெட் முன்னாலேயே வாங்க வேண்டும். பராமரிப்புக்காகக் குகையை மூடும் காலமும் உண்டு, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டாவது, பிரிஸ்டில்கோன் பைன் என்கிற மரம். 12 மைல் மலைச்சாலை கிட்டத்தட்ட 10,000 அடிக்குக் கொண்டுபோய் விடுகிறது; கோடையைத் தாண்டினால் பனி மூடிவிடும். அதற்கு மேல் நடை. அப்பா கால் மைலிலேயே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார், அம்மாவும் துணைக்கு. நானும் மகளும் மட்டும் போனோம். மரம் என்று எதையோ நினைத்துப் போனால் முறுக்கிப் பிழிந்த வேட்டி மாதிரி ஒன்று நிற்கிறது. முக்கால்வாசி செத்த கட்டை, காற்று இழைத்து வழுவழுப்பாக்கிய கட்டை. ஒரு பக்கம் மட்டும் ஒரு முழ அகலப் பட்டை உயிரோடு ஏறிப் போய்ப் பச்சை ஊசிகளைத் தாங்குகிறது. குளிர், வறட்சி, கல் நிலம். வளர்ச்சி அத்தனை மெதுவாக இருப்பதால் கட்டை இறுகிப் பிசின் ஏறிப் பூச்சியும் பூஞ்சையும் நெருங்குவதில்லை. 1964-ல் இதே மலையில் ஓர் ஆய்வு மாணவர், வனத்துறை அனுமதியோடு, ஒரு மரத்தை வெட்டி வளையம் எண்ணினார்: 4,844. வெட்டிய பிறகுதான் அதுவரை கணக்கிட்ட மரங்களிலேயே மூத்தது என்று தெரிந்தது. மகள் கேட்டாள், "எண்ணிட்டு வெட்டியிருக்கலாம்ல?" மெல்லிய ஊசி போலத் துளைத்து எண்ணும் கருவி இருக்கிறது, அந்த மரத்தில் அது சரிப்படவில்லை என்பார்கள். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை.

இனி ராத்திரி. மதியம் திரண்ட மேகம் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஜூலையில் அங்கே பிற்பகல் இடி மழை சகஜம். ஒன்பது மணிக்குள் விலகிவிட்டது. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றியிருந்தோம். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும், ஒரு ஃபோன் வெளிச்சம் போதும் அத்தனையும் முதலிலிருந்து. இரண்டு முறை யாரோ கார் கதவைத் திறந்து உள்விளக்கு எரிய, அப்பா திட்டினார். பத்து மணி வாக்கில் பால்வீதி தெற்கிலிருந்து தலைக்கு மேல் ஏறி வந்திருந்தது, நடுவில் கரிய பிளவு தனியாகத் தெரிகிற அளவுக்கு.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அப்பா, "கேட்டை நட்சத்திரத்தை எங்க காணோம்?" என்றார். அவர் தலையை அண்ணாந்து தேடிக்கொண்டிருந்தார். நான் மலைமுகட்டை ஒட்டித் தெற்கே காட்டினேன். சிவப்பாக, தாழ்வாக இருந்தது. ஊரில் ஆடி மாதம் பாதி வானத்துக்கு மேல் நிற்கும் நட்சத்திரம். வடக்கே திரும்பினால் வீட்டு மாடியில் தென்னைக்குப் பின்னால் ஒளியும் துருவ நட்சத்திரம் இங்கே நன்றாக மேலே ஏறி நின்றது. "ஊர் மாறிட்டோம்னு இப்பதான் தெரியுது" என்றார் அப்பா. வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

இரண்டே நாள் விடுப்பு என்றால் லாசனுக்குப் போங்கள், அமாவாசை பார்த்துப் போங்கள். நான்கு நாள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கிரேட் பேசின்தான். ஒன்றே ஒன்று: பேக்கருக்கு ஐந்தாறு மைலில் யூட்டா எல்லை, அந்தப் பக்கத்து நேரம் ஒரு மணி முந்தியது. ஃபோன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். குகை வாசலில் நாங்கள் ஒரு மணி நேரம் சீக்கிரமாகப் போய் உட்கார்ந்திருந்தோம். ரேஞ்சர் வந்து பார்த்துச் சிரித்தார், தினமும் யாராவது இப்படி வருகிறார்களாம்.