பப் நடத்திய குடும்பங்களைத் தேட: சென்சஸா, டைரக்டரியா, பதிவேடா, செய்தித்தாளா?

இங்கிலாந்தின் பழைய பப்கள் சிலவற்றில் சுவரில் ஒரு பலகை இருக்கும். இன்ன வருடம் முதல் இன்ன வருடம் வரை இன்னார் நடத்தினார் என்று பெயர்களை வரிசையாக எழுதியிருப்பார்கள். ஒருவருக்கும் அவருக்கு அடுத்து வந்தவருக்கும் என்ன உறவு என்பது மட்டும் அதில் இருக்காது. நான் குடியிருக்கும் ஊரின் பப் பட்டியலை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பங்களைத் தேட ஆரம்பித்தபோது நான்கு வழிகள் இருந்தன: சென்சஸ், வணிக டைரக்டரி, லைசென்ஸ் பதிவேடு, பழைய செய்தித்தாள். நான் சந்தா கட்டியது பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் என்ற இணையச் செய்தித்தாள் காப்பகத்துக்குத்தான். இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

சென்சஸ் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1841 கணக்கெடுப்பில் உறவுமுறை கிடையாது. 1851 முதல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தவர் என்பதெல்லாம் வந்துவிடும். 1911-இல் கல்யாணமாகி எத்தனை வருடம், எத்தனை பிள்ளைகள், அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பது வரை உண்டு. ஆனால் பத்து வருடத்துக்கு ஒரு முறை, ஓர் இரவில் அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்ற கணக்குத்தான் அது. நடுவில் மூன்று பேர் வந்து போயிருந்தால், பப் தொழிலில் அது சகஜம், ஒருவரும் கண்ணில் பட மாட்டார். 1921-க்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். 1931 தாள்கள் 1942-இல் தீயில் போயின. 1941-இல் போர் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை. 1951 தாள்கள் வெளிவர 2052 ஆகும். இடையில் கைகொடுப்பது போர் தொடங்கியதும் 1939 செப்டம்பரில் எடுத்த மக்கள் பதிவேடு ஒன்றுதான். தூக்குத்தண்டனை நிறைவேற்றுபவராகப் பெயர்பெற்ற ஆல்பர்ட் பியர்பாயின்ட் 1946-இல் ஓல்டம் பக்கம் 'ஹெல்ப் த புவர் ஸ்ட்ரக்லர்' என்ற பப்பை எடுத்து நடத்தினார். நாடே அறிந்த அந்த மனிதரைக்கூட அந்த பப்பில் சென்சஸை வைத்துப் பிடிக்க முடியாது.

கெல்லி, பிகட், ஒயிட் போன்ற பதிப்பாளர்கள் வெளியிட்ட வணிக டைரக்டரிகள் லெஸ்டர் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசம். ஊர், பப், நடத்துபவர் பெயர், அவ்வளவுதான். தகவல் சேகரித்து அச்சாகி வருவதற்குள் ஆள் மாறியிருப்பார், சில சமயம் இறந்தே போயிருப்பார். ஒரு விஷயத்துக்கு மட்டும் இவை நல்ல துணை. கிராமத்து பப்காரர்கள் கூடவே இன்னொரு தொழிலும் வைத்திருப்பார்கள். சென்சஸில் வெறும் கொல்லர் அல்லது கசாப்புக்காரர் என்று இருப்பவர் பப்பும் நடத்தினார் என்று டைரக்டரிதான் காட்டிக்கொடுக்கும்.

லைசென்ஸ் பதிவேட்டுக்கு மரியாதை கொடுத்தே ஆக வேண்டும். 1552 முதலே பீர் விற்க மாஜிஸ்திரேட்டுகளின் அனுமதி தேவை. 1753 சட்டம் அதைப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. பப்பை ஒழுங்காக நடத்துவேன் என்று 1828 வரை வருடாவருடம் எழுதிக்கொடுத்த பிணைப் பத்திரங்களில் ஜாமீன் நின்றவரின் பெயரும் இருக்கும். அவர் பெரும்பாலும் ஊர்க்காரர், சில சமயம் சொந்தக்காரர். 1872-க்குப் பிறகு பதிவேடு வைப்பது கட்டாயமானது, லைசென்ஸ் கைமாறிய தேதி அதில் துல்லியமாகக் கிடைக்கும். 1828-க்கும் 1872-க்கும் நடுவில்தான் பல மாவட்டங்களில் பெரிய ஓட்டை. போதாக்குறைக்கு 1830 சட்டப்படி, வரி கட்டும் குடியிருப்பாளர் யாரும் இரண்டு கினி (அந்தக் காலத்துப் பணம்) செலுத்தி, மாஜிஸ்திரேட்டிடம் போகாமலே பீர் கடை திறக்கலாம் என்றாகிவிட்டது. 1869 வரை அந்தக் கடைகள் மாஜிஸ்திரேட் பதிவேட்டுக்குள் வரவில்லை. இருக்கிற பதிவேடுகளிலும் நிறையவற்றை மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போய்த்தான் புரட்ட வேண்டும்.

சரி, செய்தித்தாள். நான் அதன் பக்கம் சாயக் காரணம் ஒன்றே ஒன்று. லைசென்ஸ் கைமாறும்போது யாரிடமிருந்து யாருக்கு, ஏன் என்பது அங்கேதான் சேர்ந்து கிடைக்கிறது. மாஜிஸ்திரேட்டுகளின் உள்ளூர் அமர்வுகளை வாரப் பத்திரிகைகள் விடாமல் எழுதின. காலமான இன்னாரின் லைசென்ஸ் அவர் மனைவிக்கு மாற்றப்பட்டது என்று ஒரே வரிதான் இருக்கும். பதிவேடு பெயரையும் தேதியையும் தருகிறது. இந்த வரி மரணத்தையும் உறவையும் சேர்த்தே தருகிறது.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? பலகையில் குடும்பப் பெயர் மாறினால் வேறு ஆள் வந்துவிட்டார் என்று நினைத்துவிடுகிறோம். கட்டடம் பீர் ஆலைக்குச் சொந்தமாக இருந்தாலும் பப்பை நடத்தும் உரிமை பல இடங்களில் வீட்டுப் பெண்கள் வழியாகத்தான் நகர்ந்தது. கணவர் இறந்ததும் மனைவி நடத்துவார். அவர் மறுமணம் செய்தால் லைசென்ஸ் பெரும்பாலும் புதுக் கணவர் பேருக்குப் போய்விடும். அப்புறம் மருமகன் வருவார். எங்கள் பப் பலகையில் அடுத்தடுத்து இருந்த மூன்று வெவ்வேறு குடும்பப் பெயர்கள் கடைசியில் ஒரே பெண்மணியிடம் போய் நின்றன: முதல் கணவர், இரண்டாம் கணவர், மகளின் கணவர். அவர் பெயர் பலகையில் இல்லவே இல்லை. அத்தனை வருடம் அந்த இடத்தைத் தாங்கியவர் அவர்தான் என்று தெரிந்தபோது, இந்தத் தேடல் முழுவதுமே அவருக்காகத்தான் என்று தோன்றியது.

இந்தத் துப்பு கிடைத்துவிட்டால் மற்றதை உறுதி செய்வது எளிது. 1837-க்குப் பிந்தைய திருமணப் பதிவில் மணமக்களின் தந்தை பெயரும் தொழிலும் இருக்கும். பொதுப் பதிவு அலுவலகத்தின் (GRO) இணையப் பிறப்பு அட்டவணையில் தாயின் கன்னிப் பெயர் உண்டு. இரண்டு மணங்களில் பிறந்த பிள்ளைகளையும் ஒரே தாயிடம் சேர்க்க அது போதும்.

உறவு தவிர வேறு விஷயங்களும் பத்திரிகையில் அகப்படும். ஊரை விட்டுப் போகும்போது வெளிவந்த ஏல விளம்பரம், நேரம் கடந்து ஊற்றியதற்கு அபராதம், பப்பின் அறையிலேயே நடந்த மரண விசாரணை எல்லாம். நொடித்துப்போவதும் இந்தத் தொழிலில் அபூர்வமில்லை. ஓவியர் தாமஸ் லாரன்ஸின் தந்தையே டெவைஸிஸ் ஊரில் 'பிளாக் பேர்' விடுதியை நடத்திக் கடனில் மூழ்கியவர். திவால் அறிவிப்புகளுக்கு 'லண்டன் கெசட்' என்ற அரசிதழின் தளத்தையும் பாருங்கள், அது இலவசம்.

குறைகளும் உண்டு. பழைய அச்சைக் கணினி வாசிக்கும்போது எழுத்துகள் தாறுமாறாகிவிடும். ஸ்மித், ஜோன்ஸ் என்று ஆள் பெயரை வைத்துத் தேடினால் மூழ்கிப் போவீர்கள். நான் பப் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துக் கொடுத்து, மாவட்டத்தையும் வருடத்தையும் குறுக்கிக்கொள்வேன். 'ரெட் லயன்' எல்லா ஊரிலும் இருப்பதால் ஊர்ப் பெயர் இல்லாமல் பிரயோசனமில்லை. இன்னொன்று, 1855-இல் பத்திரிகை முத்திரை வரியை நீக்கிய பிறகுதான் சின்ன ஊர்களில் வாரப் பத்திரிகைகள் பெருகின. அதற்கு முன் போகப் போகச் செய்தி மெலியும். உங்கள் ஆள் 1828-க்கு முந்தியவர் என்றால் பிணைப் பத்திரமும் உயிலும்தான் வழி. அந்தக் காலத்தில் எனக்குப் பழக்கம் குறைவு, ஸ்காட்லாந்துப் பக்கம் நான் தேடியதே இல்லை. அங்கே என் சாய்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் தளத்தில் தேடிப் பார்க்கக் காசில்லை. முடிவுகளில் ஓரிரு வரிகள் தெரியும், முழுப் பக்கத்தைத் திறக்கத்தான் சந்தா. முதலில் சென்சஸிலும் டைரக்டரியிலும் பெயர்களைக் கோர்த்துக்கொண்டு, எந்தெந்தப் பக்கங்கள் வேண்டும் என்று குறித்துவைத்த பிறகு ஒரு மாதச் சந்தா எடுங்கள். லண்டனுக்கு எளிதாகப் போக முடிந்தவர்களுக்கு அதுவும் தேவையில்லை, பிரிட்டிஷ் நூலக வாசிப்பறையில் அதை இலவசமாகவே பார்க்கலாம்.